விழுந்த பிறகு

மார்ச் 4

தம்பிக்கு,

ஒன்பது வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நலம் விசாரிக்க எழுதவில்லை. அப்பாவுக்காக எழுதுகிறேன்.

மாதாமாதம் நீ அவருக்குப் போடும் கடிதங்களை நான் தொட்டதே இல்லை. அவரே பிரிப்பார், படிப்பார், அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்வார். இப்போது அவருக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை. போன வாரம் உன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, "இது கரண்ட் பில்லா? யாருகிட்ட குடுக்கணும்?" என்று என்னையே கேட்டார். அதனால்தான் பிரித்தேன். ஜெயிலில் ஞாபகம் தப்பிய வயதான கைதிகளுக்கு நீ உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதாகவும், அதற்குப் பிறகு அவர்கள் விழுவது குறைந்திருப்பதாகவும் அதில் எழுதியிருந்தாய்.

அப்பாவுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று, தெளிவாக இருந்தபோது அவரே சொன்னார். தை பிறந்ததிலிருந்து நான்கு தடவை விழுந்துவிட்டார். முதல் தடவை புருவம் கிழிந்து ஐந்து தையல். கடைசித் தடவை நான் ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலையில் இருந்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் காலையிலிருந்து மதியம் இரண்டு மணிவரை கிடந்திருக்கிறார். இழுத்து எடுத்தபோது என் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. மரக்கடையில் நாற்பது வருடம் பலகை தூக்கிய கை. கால்தான் போய்விட்டது, கை போகவில்லை.

வியாழக்கிழமைகளில் வரும் நர்ஸ் பயிற்சிப் படம் போட்ட தாள் ஒன்று கொடுத்தாள். அவர் அதைச் சுருட்டிக் காது குடைந்தார்.

உனக்குத் தெரிந்ததை எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பா போய்விட்டார் என்றே நினைத்தேன். இங்கே எந்தக் கடிதத்தையும் ஆபீசில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள். திறந்த கவருக்குள் கையை விட எனக்கு மத்தியானம் வரை தைரியம் வரவில்லை.

முதியோர் பிளாக்கில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். பிசியோதெரபி டாக்டரம்மா வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நாங்கள் நான்கு கைதிகள் அவர் கற்றுக்கொடுத்ததைச் செய்ய வைப்போம். அவர் சொன்னதையே உனக்கு எழுதுகிறேன்.

தாளைத் தூரப் போடு. விளக்கம் சொல்லாதே. அவருக்கு எதிரே நாற்காலி போட்டு நீ செய், பார்த்துச் செய்வார். ஒரு நேரத்தில் ஒரே சொல். தினமும் அதே நேரம், அதே நாற்காலி. முதலில் உட்கார்ந்து எழுவது. பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. அதற்குப் பிறகு மேடை ஓரமாகவே பக்கவாட்டில் நடப்பது. இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டி, பக்கத்தில் நின்று அதைப் பிடித்துக்கொள். தோளைப் பிடிக்காதே, கையைப் பிடிக்கவே பிடிக்காதே. செருப்பு வேண்டாம், குதிகால் மூடிய ஷூ போடு. விழுவார் என்று பயந்து கட்டிலில் கட்டிப்போடாதே, கால் சூம்பிவிடும், அவிழ்த்ததும் விழுவார். பின்னாலிருந்து போகாதே. கோபம் வந்தால் நிறுத்திவிட்டு, கை எட்டாத தூரத்துக்குப் போய்விடு.

விழுந்துவிட்டால் அக்குளில் கைபோட்டுத் தூக்காதே. ஒருக்களித்துப் படுக்க வை, முட்டிபோட வை, முன்னால் ஒரு நாற்காலியைப் போடு. அவரே அதைப் பிடித்து எழ வேண்டும்.

இங்கே டிரைவர் என்று ஒருவர். பஸ் ஓட்டியவர். இரண்டு பேரைக் கொன்றுவிட்டு வந்தார், அது அவருக்கே ஞாபகம் இல்லை. "நான் என்னப்பா செஞ்சேன், என்னை எதுக்கு இங்க வச்சிருக்கீங்க?" என்று காலையில் கேட்பார். எழுந்திருங்கள் என்றால் காது கேட்காது. "ஸ்டாப் வந்தாச்சுண்ணே, எறங்கி டயரப் பாருங்க" என்றால் உடனே எழுவார். "பார்த்தாச்சு, ஏறுங்க" என்றால் உட்காருவார். பத்து ஸ்டாப் போனால் பத்துத் தடவை ஆகிவிடும். அப்பாவுக்குப் பலகையைச் சொல்லிப் பார்.

வேறு எதுவும் எழுதாதே என்றாய். ஒன்றே ஒன்று எழுதிவிடுகிறேன். கோர்ட்டில் அந்த ஒரு வார்த்தையை நீ சொல்லாமல் விட்டிருந்தால் நான் இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே வெளியே வந்திருப்பேன். அப்பா விழும்போது பக்கத்தில் இருந்திருப்பேன். "விழுந்த பிறகு மூணு அடி" என்று சொல்லச் சொல்லி உன்னிடம் யார் கேட்டார்கள்?

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

பலகை வேலை செய்தது. "அடுத்த பலகை வந்தாச்சு" என்றேன், எழுந்துவிட்டார். "ஒழுங்கா அடுக்கத் தெரியாதா, புது ஆளா நீ?" என்று என்னைத் திட்டினார். இரண்டே வாரத்தில், ஒரு வேளைக்கு எட்டுத் தடவை எழுகிறார், நாற்காலிக் கையைப் பிடிக்காமல் மூன்று. மேடை ஓரமாக நடக்கிறார். ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை. அதோடு இன்னொன்றும் நடந்தது. காலில் பலம் வந்ததும் அவர் என்னைத் துரத்துகிறார். செவ்வாய்க்கிழமை நான் திருட வந்தவள் என்று நினைத்துக் கதவோடு சேர்த்து நெருக்கினார். கதவுப் பிடி முதுகில் குத்தி, இன்னும் குனிய முடியவில்லை.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

முன்விடுதலைக் குழுவிடமிருந்து எனக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. இறந்தவரின் மனைவி என்ற முறையில், உன்னை முன்னதாக விடுவதில் எனக்கு எதிர்ப்பு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உன் முதல் கடிதம் வந்து மூன்று நாள் கழித்து இதுவும் வந்தது. அதற்காகத்தான் இத்தனை பக்குவமாகப் பெல்ட்டும் ஷூவும் எழுதினாயோ என்று தோன்றியது. படிவம் அரிசி டப்பா மேல் கிடக்கிறது.

அன்றைக்கு என் புருஷன் என் கையை அடுப்பில் வைத்து அழுத்தினார். உண்மை. நீ டயர் கடையிலிருந்து வீல் ஸ்பேனரோடு வந்தாய். தோளில் ஒரு அடி. அவர் சமையலறை வாசலில் விழுந்தார். அதோடு முடிந்தது, தம்பி. அவர் எழுந்திருக்க முயற்சிகூடச் செய்யவில்லை. முகத்தை மறைக்கக் கையைத்தான் தூக்கினார். அந்தக் கைக்கு மேலே நீ அடித்தாய். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன், கிழிந்த சட்டைதான் என் கையில் வந்தது. மூன்று அடி. உன் வக்கீல் என்னிடம், "எல்லாம் ஒரே தள்ளுமுள்ளுல நடந்துச்சுன்னு சொல்லும்மா, போதும்" என்றார். நடக்காததை எப்படிச் சொல்வேன்?

உனக்கு ஒன்று தெரியாது. என் பை கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்திருந்தது. அன்று சாயங்காலம் பஸ் ஏற இருந்தேன். விட்டு வந்தவள் என்ற பேரோடு தலைநிமிர்ந்து இருந்திருப்பேன். நீ என்னைக் கொலையுண்டவனின் பெண்டாட்டி ஆக்கிவிட்டாய். நீ எனக்காக அடித்ததாகச் சொன்னாய். நான் நிறுத்து என்று கத்தியது உன் காதில் விழவே இல்லை.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

படிவத்தைப் பற்றி எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதைப் பற்றி எழுதவில்லை. நீ நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

பை விஷயம் எனக்குத் தெரியாது. நான்கு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே டிரைவர் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு உடைந்து ஜெயில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வலதுகண் திறக்க முடியாமல் வீங்கியிருக்கிறது. பயிற்சியின்போது விழுந்தார் என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டார்கள். அதனால் பயிற்சியையே நிறுத்தியாயிற்று. டாக்டரம்மா வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போன வாரம் மட்டும் மூன்று கிழவர்கள் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்தார்கள்.

அவர் எப்படி விழுந்தார் என்று எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தை முதலில் படிப்பது நீ இல்லை.

அப்பாவிடம் ஜாக்கிரதையாக இரு. துரத்தினால் பதில் பேசாதே, வெளியே போய் நில். ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்.

தம்பி


மே 6

தம்பி,

இதை முதலில் படிக்கப்போகிற ஆபீஸ்காரருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். படிக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்தேன். அப்பா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, ஷூவோடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பேண்ட் முழுக்க அசிங்கம். "வாங்கப்பா, மாத்திடலாம்" என்றேன். நீ சொன்னபடி முன்னாலிருந்துதான் போனேன். அவர் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஒரு தடவை இல்லை. மேல்பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. உடைந்த பல்லோடு, "அப்பா, நான்தாம்பா" என்றேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையால் என்னை ஒரே ஒரு ஆள்தான் கூப்பிடுவார். அவரை நீ கொன்றுவிட்டாய்.

நான் தள்ளினேன். ஷூ வழுக்கி அப்பா விழுந்தார். வாளி மேல் விழுந்ததால் தலை தப்பியது.

அதோடு முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதை எடுத்து அடித்தேன். இரண்டு அடி. ஒன்று விலாவில், ஒன்று முழங்கையில். இரண்டாவது அடிக்கு ஸ்டூல் கால் உடைந்தது. உடையாமல் இருந்திருந்தால் எத்தனை என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. காதில் ஏதோ அடைத்துக்கொண்டது. யாரோ கத்துகிறார்கள் என்று தெரிந்தது, என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. கத்தியது அவர்தான்.

பிறகு குழாயை மூடினேன். நீ எழுதியிருந்தபடியே அவரை ஒருக்களிக்க வைத்து, முட்டிபோட வைத்து, நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அவராகவே பிடித்து எழுந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் எழுந்திருக்க மாட்டார். உட்கார்ந்து மூச்சு வாங்கியபின் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரொம்ப நன்றிம்மா. எவனோ அடிச்சிட்டு ஓடிட்டான். நீங்க வராட்டி செத்திருப்பேன்" என்றார்.

நர்ஸ் இரண்டு வாரம் லீவு, அது முடிந்த வியாழக்கிழமை வருவாள். விலாவில் பெரிய கன்றல் இருக்கிறது. விழுந்துவிட்டார் என்றால் நம்பிவிடுவாள். விழுகிறவர்தானே. அப்படிச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வருகிறது.

உன்னிடம் ஏன் எழுதுகிறேன் என்றால், வேறு யாருக்கும் இது புரியாது.

அக்கா


மே 17

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. மறைக்க மாட்டேன். "இப்ப தெரியுதா?" என்று கேட்கத் தோன்றியது. ஒன்பது வருடமாக அந்தக் கேள்வியைத்தான் வாயில் அடக்கி வைத்திருந்தேன். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அது இருந்தது. பிறகு அப்பா கும்பிட்டது கண்ணில் வந்து நின்றது, சாப்பிட முடியவில்லை.

நர்ஸிடம் சொல்லிவிடு. விழுந்தார் என்று சொல்லாதே. சொன்னால் அடுத்த தடவையும் அதையே சொல்வாய், ஸ்டூல் மட்டும் வேறாக இருக்கும். எனக்கு அந்தப் பக்கம் தெரியும் என்பதால் சொல்கிறேன். அன்றைக்கு என் காதும் அடைத்திருந்தது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. மூன்று அடியும் நான் அடித்ததுதான். உன் புருஷன் கையைத் தூக்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அடித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உன்னைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் மூடிக்கொண்டிருப்பது நியாயம் இல்லை. ஆபீசில் இதைப் படிக்கிறவர் தயவுசெய்து நிதானமாகப் படிக்கவும்.

ஏப்ரல் பதினொன்று, காலை பத்து மணி. டிரைவர் பயிற்சியால் விழவில்லை. எங்கள் நான்கு பேரில் ஒருவன் பூட்டு. வெளியே பூட்டு ரிப்பேர் செய்தவன் என்பதால் அந்தப் பேர். டிரைவர் மணல் நிரப்பிய பாட்டிலைக் கையில் தூக்கும்போது, பூட்டு பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே, "நீ ரெண்டு பேர வெட்டினவன்டா கிழவா, அதான் இங்க இருக்க" என்றான். டிரைவர் பாட்டிலால் அவன் வாயில் அடித்தார். பூட்டு அவரைக் கீழே தள்ளினான். விழுந்த பிறகு இடுப்பில் இரண்டு உதை, முகத்தில் ஒரு உதை. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தடுக்கவில்லை. பூட்டுக்கு இங்கே ஆட்கள் அதிகம். எனக்கு விடுதலைப் படிவம் போயிருக்கிறது. அந்த இரண்டையும்தான் யோசித்தேன்.

எண்ணினேன், அக்கா. நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். நீ அன்றைக்கு எப்படி நின்றாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இல்லை, நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். நான் அதுகூடச் செய்யவில்லை.

யார் வந்து கேட்டாலும் இதையே சொல்வேன்.

தம்பி


ஜூன் 9

அக்கா,

இடதுகையால் எழுதுகிறேன், கோழி கிண்டியது போல இருக்கும், பொறுத்துக்கொள். கடிதம் ஆபீசுக்குப் போன மூன்றாம் நாள் என்னை அழைத்து விசாரித்தார்கள். ஐந்தாம் நாள் குளிக்கும் இடத்தில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவன் வலதுகையை வாசற்படியில் வைத்து மிதித்தான். மூன்று விரலும் மணிக்கட்டும் உடைந்திருக்கின்றன. காதுக்குக் கீழே பிளேடு கீறல், பதினான்கு தையல். யார் என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். பூட்டையும் அவர்களையும் வேறு ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்கள்.

நான் திருப்பி அடிக்கவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதே. கை இல்லை.

ரிஜிஸ்டரைத் திருத்தினார்கள். டாக்டரம்மா திரும்ப வருகிறார். டிரைவர் இனி நடக்க மாட்டாராம். உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குகிறார். "பிரேக் பிடிங்கண்ணே" என்றால் போதும், அழகாக மிதிக்கிறார்.

நீ நர்ஸிடம் சொன்னாயா? பதில் வரவில்லையே.

தம்பி


ஜூலை 1

தம்பி,

சொன்னேன். அதனால்தான் எழுத நேரமில்லை.

நர்ஸ் முதலில், "விழுந்துட்டாரா?" என்று அவளாகவே எடுத்துக் கொடுத்தாள். "நான் அடிச்சேன்" என்றேன். அவள் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு என் உடைந்த பல்லைப் பார்த்தாள். இரண்டையும் எழுதிக்கொண்டாள். மறுவாரம் ஒரு அதிகாரி வந்து அப்பாவை மூன்று வாரம் காப்பகத்தில் வைத்தார். அந்த மூன்று வாரமும் பயிற்சி கிடையாது, அங்கே கட்டிலில் கட்டிப்போட்டிருந்தார்கள். நான் போய்ச் சண்டை போட்டேன். கட்டிப்போட்டால் கால் சூம்பும், அவிழ்த்ததும் விழுவார் என்று நீ எழுதியதையெல்லாம் என் சொந்த அறிவு போல எடுத்துவிட்டேன். அதிகாரி அசந்துபோய், "நீங்க ட்ரெய்னிங் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். "தபால் வழியா" என்றேன்.

திரும்ப அனுப்பியிருக்கிறார்கள், ஒரு நிபந்தனையோடு. பகலில் பகல்நேர மையத்தில் விட வேண்டும். வீட்டில் அவரோடு நான் தனியாக இருக்கக் கூடாது, கூட இன்னொரு பெரிய ஆள் வேண்டும். அதுவரை பக்கத்து வீட்டம்மா வந்து படுத்துக்கொள்கிறாள். அவள் குறட்டையில் அப்பாவே பயப்படுகிறார்.

பலகையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தோம். மூன்று வரைதான் எழுகிறார்.

படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டேன். என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். விழுந்த பிறகு மூன்று அடி என்று மறுபடியும் எழுதினேன். அது மாறாது. நான் அப்பாவை அடித்த இரண்டையும் எழுதினேன். நீ ஜெயிலில் கண்டதைச் சொன்னாய், அதற்காகக் கையை உடைத்தார்கள் என்றும் எழுதினேன். கடைசிக் கட்டத்தில், எதிர்ப்பு இல்லை என்று போட்டேன். உன்னை மன்னித்துவிட்டேனா என்று அதில் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்டிருந்தால் அந்தக் கட்டம் காலியாகத்தான் போயிருக்கும்.

நேற்று பதில் வந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் என்கிறார்கள். உனக்கும் இந்நேரம் சொல்லியிருப்பார்கள்.

வாசலுக்கு அழைக்க வரமாட்டேன், எனக்குக் காலை ஷிப்ட். பஸ்ஸில் வந்துவிடு. அப்பா உன்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார், மனசைத் திடப்படுத்திக்கொள். உன்னைத் திருடன் என்று நினைத்தால் சண்டைக்கு நிற்காதே. அவர் கை ஓங்கினால் இரண்டு எட்டுப் பின்னால் போ. நான் ஓங்கினால் என் கையைப் பிடித்துக்கொள், அக்கா ஆயிற்றே என்று பார்க்காதே. நீ ஓங்கினால் நான் போய்ச் சொல்லிவிடுவேன். எத்தனை அடி என்பதையும் சேர்த்து.

வா.

அக்கா